லைகாவும் வீட்டுக்குப் போன நாய்களும்

பூமியைச் சுற்றி வந்த முதல் பிராணி எது? லைகா, ரஷ்யா, 1957. ஸ்கூல்ல ஒரு மார்க் கேள்வி. அது மாஸ்கோ தெருவுல திரிஞ்ச நாய்ங்கறதை எந்த வாத்தியாரும் சொன்னதா ஞாபகம் இல்லை.

ரஷ்ய விஞ்ஞானிகள் வேணும்னேதான் தெருநாய்களைப் பிடிச்சாங்க. பனியிலும் பட்டினியிலும் பிழைச்சுக் கிடந்த நாய், ராக்கெட்டையும் தாங்கும்னு கணக்கு. பிழைக்கத் தெரிஞ்சதுக்கு இப்படி ஒரு பரிசு!

ஆனா அந்தக் கூட்டத்துல சிலதுக்கு வீடு கிடைச்சது. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

1951 ஜூலை 22. தேசிக், சிகான்னு ரெண்டு நாய்கள் ராக்கெட்டில் சுமார் 100 கிலோமீட்டர் உயரம் போய், பாராசூட்டில் உயிரோடு இறங்கின. ஒரே வாரத்தில் தேசிக்கை லிசா என்ற நாயோடு மறுபடி அனுப்பினார்கள். ரெண்டும் செத்துப்போச்சு. சிகானை அதுக்கப்புறம் அனுப்பவில்லை. பிளாகன்ராவோவ் என்ற விஞ்ஞானி தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டார். மனுஷன் யாருங்கறீங்க? பீரங்கிப் படையில் லெப்டினன்ட் ஜெனரல், தானியங்கித் துப்பாக்கிகளில் நிபுணர் :-)

அடுத்தது 1960 டிசம்பர் 22. தம்கா, க்ரசாவ்கான்னு ரெண்டு நாய்கள். ராக்கெட் பாதியில் பழுதாகி, கலம் சைபீரியாவில் விழுந்தது. நாய்களை வெளியே தள்ள வேண்டிய இருக்கை வேலை செய்யலை. ஒருவகையில் அந்தக் கோளாறுதான் காப்பாத்துச்சு, ஏன்னா வெளியே மைனஸ் 45 டிகிரி. உள்ளே இன்னொரு ஆபத்து: 60 மணி நேரத்தில் கலம் தானாகவே வெடிக்கும்படி அமைத்திருந்தார்கள். தேடிப்போனவங்க முதல் நாள் பார்த்தப்ப ஜன்னல் முழுக்க உறைபனி, சத்தமே இல்லை. இருட்டிடுச்சுன்னு திரும்பிட்டாங்க. மறுநாள் திறக்கும்போது உள்ளேருந்து குரைக்கிற சத்தம்! ஆட்டுத்தோல் கோட்டில் சுத்தி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். க்ரசாவ்காவை ஒலெக் கசென்கோ என்ற விஞ்ஞானி வீட்டுக்குக் கூட்டிப்போனார். குட்டி போட்டு, அந்தக் குடும்பத்தோடவே 14 வருஷம் வாழ்ந்தது.

இதே கசென்கோதான் லைகாவுக்கும் பயிற்சி கொடுத்தவர். லைகா திரும்பி வர வழியே கிடையாதுன்னு அனுப்பும்போதே எல்லாருக்கும் தெரியும். புரட்சியின் 40-வது ஆண்டு விழாவுக்குள் ஏதாவது காட்டணும்னு குருஷ்சேவ் அவசரப்படுத்தினார். நவம்பர் 3-ஆம் தேதி ஏவினாங்க. ஒரு வாரம் இருந்துட்டு வலியில்லாம செத்துச்சுன்னு ரொம்ப வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கலத்துக்குள் சூடு தாங்காம சில மணி நேரத்திலேயே செத்துப்போன விஷயம் 2002-இல்தான் வெளியே வந்தது. அதுக்கு முன்பே, 1998-இல், செய்தது தப்பு, அந்தச் சாவுக்கு ஈடா நாங்க பெருசா ஒண்ணும் கத்துக்கலைன்னு கசென்கோ வெளிப்படையா வருத்தப்பட்டிருந்தார்.

லைகாவும் ஒரு வீட்டை ஒருதரம் பார்த்திருக்கு. யாஸ்தோவ்ஸ்கி என்ற இன்னொரு விஞ்ஞானி, பயணத்துக்கு முன்னால அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பிள்ளைகளோட விளையாட விட்டாராம். அதுக்கு இருக்கறதே கொஞ்ச நாள்தானேன்னு. அப்புறம் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டார். "அந்த நாய் எங்கப்பா?"ன்னு பிள்ளைங்க கேட்காமலா இருந்திருப்பாங்க?