மதிலுக்குள் நின்ற மன்னன்

பூவிருந்தவல்லியைக் கடந்து காஞ்சி நோக்கிச் செல்லும் சாலையில், திருமழிசையில் இறங்கி ஜெகந்நாதப் பெருமாளைச் சேவிப்போர் ஆழ்வாரின் கதையையும் நினைவுகூர்வர். கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடு கடத்துகிறான். சீடனோடு ஆழ்வாரும் புறப்பட, திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன் செல்கிறார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே ஓரிருக்கை என்பது குருபரம்பரை கூறும் செய்தி. இறுதியில் மன்னனே மன்னிப்பு வேண்டி அவர்களை அழைத்து வருகிறான். எதிர்த்து நிற்காமல், விலகிச் சென்றே வென்ற கதை இது.

துறவிக்கு இது அழகுதான். படை நடத்தும் வேந்தனுக்கு?

கி.பி. 634-35இல் இரவிகீர்த்தி இயற்றிய ஐஹோளே கல்வெட்டு, இரண்டாம் புலிகேசியின் படை எழுப்பிய புழுதியில் பல்லவன் ஒளிமங்கிக் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கினான் என ஏளனம் செய்கிறது. அப்பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் வரலாற்றாசிரியர். காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் பகைவரை அழித்தான் என்கிறது. பகைவரின் பெயர் அதில் இல்லை. எனினும் அவர் சாளுக்கியரே என்று கொண்டால், இரு சான்றுகளும் முரண்பட வேண்டியதில்லை என்றே நாம் கருதுகிறோம். சொந்த நாட்டை விட்டு நெடுந்தொலைவு வந்த படைக்கு, நாள் செல்லச் செல்ல உணவும் ஊக்கமும் குறையும். மதிலுக்குள் இருப்பவன் அந்த நாட்களைத்தான் தன் படைக்கலமாக்குகிறான். பல்லவர் தம் வடபகுதிகளை இழந்தனர் என்பது உண்மை; ஆனால் காஞ்சி வீழவில்லை.

தமிழ் இலக்கணம் இதை இழிவாகக் கருதியதில்லை. மதிலை முற்றுவோருக்கு உழிஞைப் பூ என்றால், மதிலைக் காப்போருக்கு நொச்சிப் பூ. புறப்பொருள் வெண்பாமாலை நொச்சிக்கென்றே ஒரு படலம் வகுத்துள்ளது. வள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவற்றை அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார். அரணுக்கும் தனியே ஓர் அதிகாரம் தந்தார்.

தந்தை காத்த நகரிலிருந்தே மகன் நரசிம்மவர்மன் எழுந்தான். திருமழிசைக்குத் தெற்கே, அதிகத் தொலைவில் இல்லாத மணிமங்கலத்தில் புலிகேசி புறங்காட்டியதைக் கூரம் செப்பேடு பதிவு செய்கிறது. கி.பி. 642 அளவில் வாதாபி வீழ்ந்தது. அந்த வெற்றியைப் பாடும் நாம், அதற்கு இடம்தந்த பொறுமையைக் கோழைத்தனம் என்று எழுதிவிடலாகாது. தற்காப்புக் கலை பயிலும் நம் பிள்ளைகளுக்கு அடிமுறைகளோடு இதையும் சொல்லித்தருவோம்: விலகவேண்டிய நேரத்தில் விலகுவதும் வீரமே.