வர்த்தூர் ஏரியும் கடல் நுண்பாசி எரிபொருளும்: ஒரு சிறு வரலாறு

வைட்ஃபீல்டிலிருந்து கடல் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும், கடல் நுண்பாசியிலிருந்து எரிபொருள் பெறும் முயற்சியின் வரலாற்றை அருகிலுள்ள வர்த்தூர் ஏரியை முன்வைத்துப் படிப்பது பயனுடையது. பெங்களூரு கழிவுநீரின் பெரும்பங்கு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தட்சிண பினாகினியில் சேர்கிறது. தமிழகத்தில் தென்பெண்ணை எனப் பெயர் கொள்ளும் அவ்வாறு கடலூர் அருகே வங்கக்கடலில் கலக்கிறது. நுண்பாசி வளரத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரசும் அந்நீரில் வீணே செல்கின்றன.

நுண்பாசியைக் காற்றில்லா முறையில் செரிக்கவைத்து மீத்தேன் பெறலாம் என்பதை 1957-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கோலூக், ஆஸ்வால்ட், காட்டாஸ் ஆகிய மூவரும் ஆய்ந்து வெளியிட்டனர். அவர்களது குளங்களின் முதற்பணி கழிவுநீரைத் தூய்மையாக்குவது. எரிவாயு அதன் உடன்விளைவு. இடர்களும் அப்போதே தெரிந்தன. பாசியின் செல்சுவர் நுண்ணுயிர்களுக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. புரதம் மிகுதியாதலால் செரிகலனில் அம்மோனியா பெருகுகிறது. கடல் இனங்களாயின் உப்பு மீத்தேன் நுண்ணுயிர்களைத் தளர்த்தும். சல்பேட் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும்.

1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப்பின் இவ்வரிசை தலைகீழானது. அமெரிக்க அரசு 1978-இல் தொடங்கிய நீர்வாழ் உயிரினத் திட்டத்தில், எரிபொருளே முதல் நோக்கமாயிற்று; நாளடைவில் கவனம் வாயுவிலிருந்து எண்ணெய்க்கு மாறியது. உவர்நீர், கடல்நீர் இனங்கள் விளைநிலத்தையும் நன்னீரையும் கேட்பதில்லை என்பது அவற்றின் பெருஞ்சிறப்பு. ஏறத்தாழ 3,000 வகைகள் திரட்டப்பட்டன. நைட்ரஜனைக் குறைத்தால் செல்லில் எண்ணெய் கூடுகிறது. ஆனால் வளர்ச்சி குன்றுவதால் மொத்த விளைச்சல் உயர்வதில்லை. கச்சா எண்ணெயின் விலையோடு போட்டியிட இயலாத நிலையில் 1996-இல் திட்டம் முடிவுற்றது. 1998-இல் இறுதி அறிக்கை வந்தபோது எஞ்சியிருந்தவை சுமார் 300 வகைகளே.

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளம் முன்பே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. ஐயங்கார் பாசியியலுக்கு ஓர் ஆய்வு மரபை உருவாக்கினார். 1991-இல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்சார் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய மையம் அமைந்தது. 2009-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திராவும் குழுவினரும், ரிச்சர்ட் கார்டனுடன் இணைந்து, டயாட்டங்களை அழிக்காமல் பால் கறப்பதுபோல் எண்ணெயைக் கறக்கும் கருத்தை முன்வைத்தனர். வர்த்தூர் ஏரியின் பாசிகளையும் இக்குழுவினர் ஆய்ந்துள்ளனர்.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு இது: ஊட்டச்சத்தை விலைகொடுத்து வாங்கிப் பாசி வளர்த்தால் எரிபொருட்கணக்கு நட்டத்தில் முடிகிறது, கழிவுநீர்த் தூய்மையை முதற்பணியாகக் கொண்டால் அக்கணக்கு மாறுகிறது. 2015-இலும் 2017-இலும் பெல்லந்தூர் ஏரியில் தீப்பற்றியதையும், வர்த்தூர்க் கோடியிலிருந்து நுரை சாலைக்கு வந்ததையும் நாடே கண்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஓசூர் உழவர்கள் அந்நீரையே பாசனத்திற்கு நம்பியுள்ளனர். வர்த்தூருக்கு நன்னீர் இனங்களே பொருந்தும். கடல் இனங்களுக்குரிய இடம் கடலூர் போன்ற கரையோரம். சலவைப்பொருள்களும் கன உலோகங்களும் இரண்டு இடங்களிலும் தனியே தீர்க்கவேண்டிய சிக்கல்கள்.

இத்துறைக்கு வரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த ஆய்வுக்கட்டுரையிலும் எண்ணெய் விழுக்காட்டைப் பார்க்கும் முன், நைட்ரஜனும் பாஸ்பரசும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள்.