குரல் நிற்கும் இடம்

ஐந்து கோடுகளை இழுத்து, கீழிருந்து இரண்டாவது கோட்டின்மேல் ஒரு புள்ளி வைத்தால் அது எந்தச் சுரம்? விடை கிடையாது. கோடுகளின் தலைப்பில் ஒரு குறி இருந்தால்தான் புள்ளிக்குப் பொருள் உண்டு. மேலைத்தேயத்தார் அக்குறியைக் 'கிளெப்' என்பர். திறவுகோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர் அது. 'சி' என்னும் சுரத்தைச் ஷட்ஜமாகக் கொண்டால், அதே புள்ளி வயலின்காரருக்குப் பஞ்சமம், வயோலாக்காரருக்குத் தைவதம், செலோக்காரருக்கு நிஷாதம். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த கீதோ என்ற துறவி கோட்டின் முனையில் ஓர் எழுத்தை இட்டு அதன் சுரத்தைக் காட்டும் முறையை விளக்கினார். அவ்வெழுத்துக்களே காலப்போக்கில் வளைந்து சுழித்து இன்றைய குறிகளாயின.

நமது சுரக்குறிப்புக்கு இது தேவைப்படவில்லை. பாடுவோர் பற்றிக்கொண்ட சுருதியே ஷட்ஜம். மேல் தாயிக்கு மேலே ஒரு புள்ளி, கீழ்த் தாயிக்குக் கீழே ஒரு புள்ளி. அவ்வளவுதான். எனவே நமது இசையை ஐங்கோட்டில் எழுதப் புகுந்தவர், பாடகர் தம் விருப்பிற்கு விட்டிருந்த ஒன்றைத் தாமே தீர்மானிக்க வேண்டியவரானார். சென்னை அரசாங்கச் செயலகத்தில் பணியாற்றிய ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893ஆம் ஆண்டளவில் அத்துணிவுடன் கீர்த்தனைகளை ஐங்கோட்டில் அச்சிடத் தொடங்கினார். கிறிஸ்தவரான அவர் தியாகராசரின் உருப்படிகளைக் காக்கத் தம் கைப்பொருளையே செலவிட்டார். அவரது தூண்டுதலும் சேர்ந்தே சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்தது. ஆனால் தீட்சிதர் கையாண்டது ஐங்கோடு அன்று. தெலுங்கு எழுத்தில் சுரங்களும் அவற்றோடு கமகக் குறிகளும். என் கணிப்பில் இருவருமே சரியானதைத்தான் செய்தனர். முதலியார் பிறநாட்டாருக்கு எழுதினார். தீட்சிதர் நம்மவருக்கு எழுதினார்.

பழந்தமிழிசைக்கு நேர்ந்தது வேறு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற பெயர்கள் நம்மிடம் உண்டு. ஆய்ச்சியர் குரவையில் மாதரி அப்பெயர்களையே ஏழு கன்னியருக்குச் சூட்டி வட்டமாக நிறுத்துகிறாள். குரலை ஒரு நரம்பிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்த்தால் வேறொரு பாலை பிறக்கும் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் குரல் இன்றைய சுரவரிசையில் எங்கே நிற்கிறது? கோடுகள் கிடைத்தன, தலைப்புக்குறி தொலைந்துவிட்டது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகர'த்தில் இதனை ஆராய்ந்தார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரியாதலின் நரம்பின் அளவையும் கணக்கையும் கொண்டு தேடினார். அவரது 'யாழ் நூல்' 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். ஆராய்ச்சி ஓய்ந்துவிடவில்லை.

இவ்வினா ஏட்டோடு முடிந்ததன்று. வவுணதீவுப் பக்கத்துக் கன்னன்குடா போன்ற படுவான்கரைக் கிராமங்களில் கூத்து மெட்டுக்கள் அண்ணாவிமாரின் தொண்டையிலேயே வாழ்கின்றன. மத்தளமும் தாளமுமே துணை. சுருதியைக் கட்டிவைக்கும் கருவி கிடையாது. ஓர் அண்ணாவியார் மறையும்போது எத்தனை மெட்டுக்கள் கூடவே போகின்றன! அவற்றை எழுதிவைக்கவும், பாடசாலைப் பிள்ளைகளின் வயலினில் வாசிக்கவும் கணினி இன்று கைகொடுக்கிறது. 'மியூஸ்ஸ்கோர்' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் இங்கே இரு வேறு செயல்களை ஒன்றென மயங்கக்கூடாது. எழுதி முடித்த மெட்டின் தலைப்புக்குறியை மாற்றினால் புள்ளிகள் இடம்பெயரும், ஒலி மாறாது. சுருதியைப் பெயர்த்தால் ஒலியே மாறும். ஆண்குரல் மெட்டை வயலின் குறியில் எழுதும்போது அக்குறியின் அடியில் சிறு '8' இட வேண்டும். இடாவிட்டால் கணினி அதனை ஒரு தாயி உயர்த்தி ஒலிக்கும். மறுபுறம், அம்மெட்டின் அடிச்சுரங்கள் வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே இறங்குவதுண்டு. ஆகவே பிள்ளைக்குக் கொடுக்கும் தாளில் மெட்டை ஒரு தாயி உண்மையாகவே உயர்த்தி, '8' இல்லாத குறியில் எழுத வேண்டும்.

பழைய ஏட்டில் புள்ளியிடும் வழக்கம் இல்லாதிருந்தும் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துப் படித்தவர் இருந்தனர், மொழி அவர் நாவில் இருந்தமையால். மெட்டைக் கேட்டறியாத பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. எழுதும் தாளின் தலைப்பில், அண்ணாவியார் அன்று எந்தச் சுருதியில் பாடினார் என்பதையும் தமிழில் ஒரு வரியாகக் குறித்துவிடலாம்.