பிரபாத் வாசலில் ஒரு சாவித்திரி

புனேவில் பிரபாத் ரோடு என்று ஒரு ரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் மரம், பழைய பங்களாக்கள், அவற்றை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகள். வீட்டுக்கடன் கேட்டு வருபவரின் பத்திரத்தில் இந்த ரோட்டின் பெயரைப் பார்த்தால், நாங்களே நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்க சார்" என்போம். அப்பேர்ப்பட்ட ஏரியா.

இந்தப் பெயர் வந்தது ஒரு சினிமாக் கம்பெனியால். பிரபாத் ஃபிலிம் கம்பெனி. 1929-இல் கோலாப்பூரில் தாம்லே, ஃபத்தேலால், சாந்தாராம், தாய்பர், குல்கர்ணி என்று ஐந்து பேர் கூட்டாகத் தொடங்கி, 1933-இல் புனேவுக்குக் குடிவந்தார்கள். ஒரு பெண் வளைந்து நின்று துத்தாரி ஊதுகிற அவர்களுடைய சின்னத்தை, பழைய ஹிந்திப் படம் பார்க்கிற ஆசாமிகள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில்தான் 1960-இல் அரசாங்கம் திரைப்படக் கல்லூரியைத் தொடங்கியது. இன்றைய எஃப்.டி.ஐ.ஐ. அதுதான்.

இதெல்லாம் கூகிளாண்டவரே சொல்வார். நான் சொல்ல வந்தது வேறு. பாட்டு கேட்கிற நாமெல்லாம் ராகம் பேசுகிறோம், டியூன் எங்கே சுட்டது என்று சண்டை போடுகிறோம், பாடகர் மூச்சு எடுக்கிற இடத்தைக்கூட எண்ணுகிறோம். ஆனால் பாடினவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை. நான் பி.காம். படித்தவன், நாள் பூராவும் அடுத்தவர் சம்பள ஸ்லிப்பைப் பார்க்கிற உத்தியோகம். அதனால் இந்தப் பதிவு பாட்டைப் பற்றியதும்தான், சம்பள ஸ்லிப்பைப் பற்றியதும்தான். நாயகி, சாந்தா ஆப்தே.

தமிழ் ஆட்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆனால் அவர் தமிழில் ஒரு படம் நடித்திருக்கிறார், சொந்தக் குரலில் பாடியிருக்கிறார், அதுவும் எம்.எஸ். கூட. அதற்கு அப்புறம் வருகிறேன்.

1934-இல் 'அம்ருத் மந்தன்' படத்தில் சாந்தாராம் இவரை பிரபாத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது நடிக்கிறவரே பாடவும் வேண்டும். காமிரா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்று பாடுவதுதான் வழக்கம். இவர் பாடும்போது கையும் கண்ணும் சேர்ந்தே பாடும். 1937-இல் வந்த 'குங்கூ' பார்த்தால் புரியும் (ஹிந்தியில் 'துனியா ந மானே'). யூட்யூபில் கிடைக்கிறது.

கதை இதுதான். தாயில்லாத ஒரு பெண்ணை ஏமாற்றி, கிழவருக்குக் கட்டிவைத்துவிடுகிறார்கள். அவள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. "இது கல்யாணமே இல்லை, நான் உங்களுக்குப் பெண்டாட்டியும் இல்லை" என்று நின்றுவிடுகிறாள். 1937-இல்! இன்னொரு விசேஷம், அந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. கடிகாரம், கதவு, தெருச் சத்தம் என்று எல்லாம் இயல்பான ஒலிகள்தான். பாட்டு வந்தால் அதற்கும் காட்சிக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கும். இசை கேசவ்ராவ் போளே. நடுவில் லாங்ஃபெல்லோவின் ஆங்கிலக் கவிதை ஒன்றை சாந்தா ஆப்தே பாடுகிறார். கிழவர் வீட்டில் மாட்டிக்கொண்ட ஒரு மராத்திப் பெண் இங்கிலீஷ் கவிதை பாடினால் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை, தொண்டை அடைக்கிறது.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். அடுத்த வருஷமே, 1938-இல், மதராஸில் கே. சுப்ரமணியம் 'சேவாசதனம்' எடுத்தார். பிரேம்சந்த் கதை. அதிலும் ஒரு சின்னப் பெண்ணை வயதானவருக்குக் கட்டிவைக்கிறார்கள். கணவராக எஃப்.ஜி. நடேசய்யர். அந்தப் பெண் யார் தெரியுமோ? எம்.எஸ். சுப்புலட்சுமி. அவருக்கு அதுதான் முதல் படம். புனேவில் ஒரு குரல், மதராஸில் ஒரு குரல். இரண்டு பேருக்கும் வயது இருபதுகளின் ஆரம்பம், இரண்டு பேருக்கும் கிழட்டு மாப்பிள்ளை. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். இது இன்னும் சுவாரஸ்யமாகப் போகிறது, பொறுங்கள்.

இனி சம்பள ஸ்லிப். அந்தக் கால ஸ்டூடியோ, நம்ம ஆபீஸ் மாதிரி. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், தச்சர், மேக்கப்காரர் எல்லாருமே மாதச் சம்பளம். ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும் வேறு கம்பெனிப் படத்தில் தலைகாட்டக் கூடாது. இதில் நல்லதும் உண்டு. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றாம் தேதி கையில் காசு. கெட்டதும் உண்டு. ஊரெல்லாம் உன் பாட்டைப் பாடினாலும் அதே சம்பளம்தான், கம்பெனி விட்டால்தான் வெளியே போகலாம்.

1938-இல் 'கோபால கிருஷ்ணா' வந்தது, ராதையாக சாந்தா ஆப்தே. அதற்குப் பிறகு கம்பெனிக்கும் அவருக்கும் ஒப்பந்தத்தில், சம்பளத்தில் தகராறு. 1939 ஜூலையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? நேராக பிரபாத் ஸ்டூடியோ வாசலுக்குப் போய் உட்கார்ந்து உண்ணாவிரதம் தொடங்கிவிட்டார். நாட்டிலேயே பெரிய நட்சத்திரங்களில் ஒருவர், தான் நடித்துப் பேர் வாங்கிக்கொடுத்த கம்பெனியின் வாசலில் பட்டினி!

பேங்க் ஆட்களுக்கு இதில் ஒன்று உடனே புரியும். எங்கள் யூனியன் ஸ்டிரைக் அறிவித்தால் அன்றைய சம்பளம் கட். தெரிந்தேதான் வெளியே நிற்போம். ஆனால் எங்களோடு பத்து லட்சம் பேர் நிற்கிறார்கள், கொடி இருக்கிறது, வண்டியில் மைக் கட்டி கோஷம் போட ஆள் இருக்கிறது. அந்தப் பெண் தனி ஆள். உண்ணாவிரதம் என்பது அப்போது காந்தியின் ஆயுதம். அந்த வருஷம் மார்ச்சில்தான் காந்தி ராஜ்கோட்டில் இருந்தார். அதே ஆயுதத்தை ஒரு சினிமா நடிகை தன் கூலிக்காக எடுத்தார்.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. 1940-இல் மராத்தியில் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு, 'ஜாவூ மீ சினேமாத்?' சினிமாவில் சேரட்டுமா என்று அர்த்தம். நடிகை எழுதிய புத்தகம் என்றால் யாரோடு நடித்தேன், என்ன புடவை கட்டினேன் என்றிருக்கும் என்று நினைப்போம். இது அப்படி இல்லை. சினிமா என்பது உடம்பை உறிஞ்சுகிற உழைப்பு, அந்தக் களைப்புக்கு என்ன கணக்கு என்று கேட்கிற புத்தகம். எண்பது வருஷம் கழித்து சினிமா ஆராய்ச்சியாளர்கள் இதைத் தேடி எடுத்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அந்தத் தமிழ்ப் படத்துக்கு வருவோம். 1941, 'சாவித்திரி'. டைரக்‌ஷன் ஒய்.வி. ராவ், சத்தியவானும் அவரே. சாவித்திரியாக சாந்தா ஆப்தே. நாரதராக எம்.எஸ்.! மூன்று வருஷம் முன்பு இரண்டு ஊரில் இரண்டு கிழவர்களிடம் மாட்டிக்கொண்ட இரண்டு பெண்களும் ஒரே படத்தில்.

வேறு யாரையாவது வைத்து வசனம் பேசவைத்துவிட்டு அவர் போயிருக்கலாம். சம்மதிக்கவில்லை. தமிழ் கற்றுக்கொண்டு நானே பேசுகிறேன், நானே பாடுகிறேன் என்று ஏறக்குறைய ஒரு வருஷம் தமிழ் படித்தார். இந்தக் கஷ்டம் இங்கே இருக்கிற எனக்குத் தெரியும். மராத்திக்காரர்களுக்கு 'ள' தண்ணி பட்ட பாடு, அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. 'ழ' வந்தால்தான் தகராறு. எங்கள் பிராஞ்சில் பத்து வருஷமாகப் பழகின நண்பர் இன்னும் என்னைத் "தமிள் மாணூஸ்" என்றுதான் கூப்பிடுகிறார் :-) அந்த 'ழ'வோடு மல்லுக்கட்டி, சங்கீதத்தையும் சேர்த்துப் பாட வேண்டுமென்றால் யோசித்துப் பாருங்கள். கதையில் சத்தியவானுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் ஆயுள் என்று சொல்பவர் நாரதர். நிஜத்திலும் சாவித்திரிக்கு ஒரு வருஷம்தான் டைம்!

சாவித்திரி கதையை பதிவிரதைக் கதை என்றுதான் பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். காமர்ஸ் படித்தவன் காதில் அது வேறு மாதிரி விழும். எமதர்மன் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருக்கிறார். உயிரைத் தவிர என்ன வேண்டுமானாலும் கேள் என்கிறார். இவள் பின்னாலேயே நடக்கிறாள், வாயாடுகிறாள். மாமனாருக்குக் கண், மாமனாருக்கு ராஜ்யம் என்று ஒவ்வொன்றாக வாங்குகிறாள். கடைசியில் எனக்கு நூறு பிள்ளைகள் என்று ஒரு ஷரத்து போடவைத்து, "அதற்குப் புருஷன் வேண்டாமா?" என்று மடக்குகிறாள். எமனிடமே ஒப்பந்தத்தில் ஓட்டை கண்டுபிடித்த பெண்! பிரபாத் வாசலில் உட்கார்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் எந்த மொழியில் கிடைக்கும்?

எம்.எஸ். ஏன் ஆண் வேஷம் போட்டார்? அதுவும் சம்பளக் கதைதான். சதாசிவமும் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் விகடனை விட்டு வெளியே வந்து சொந்தப் பத்திரிகை தொடங்க நினைத்தார்கள். முதல் வேண்டும். நாரதர் வேஷத்துக்கு எம்.எஸ். வாங்கிய சம்பளம் (நாற்பதாயிரம் ரூபாய் என்று சொல்வார்கள்) அந்த முதலாயிற்று. 1941 ஆகஸ்டில் 'கல்கி' வந்தது. பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வெளிவந்த பத்திரிகை. நமக்கு வந்தியத்தேவன் கிடைத்ததன் கணக்கில் வரவுப் பக்கத்தின் முதல் வரி ஒரு பெண்ணின் குரலுக்குக் கிடைத்த கூலி. இதை எத்தனை 'பொன்னியின் செல்வன்' ரசிகர்கள் நினைத்துப் பார்க்கிறோம்?

அதன் பிறகு சாந்தா ஆப்தே எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாமல் லாகூர், பம்பாய் என்று நடித்தார். 1946-இல் 'சுபத்ரா' படத்தில் ஒரு சின்னப் பெண்ணோடு சேர்ந்து பாடினார். அந்தச் சின்னப் பெண் லதா மங்கேஷ்கர். அறுபதுகளில், பாடகர்களுக்கும் ராயல்டி வேண்டும் என்று லதா கிளப்பினார். பாடியாச்சு, காசு வாங்கியாச்சு, அப்புறம் என்ன என்றார் ரஃபி. இருவரும் சில வருஷம் சேர்ந்து பாடவே இல்லை. மூத்தவர் வாசலில் உட்கார்ந்தார், இளையவர் மைக் முன்னால் நிற்க மறுத்தார். சாந்தா ஆப்தே 1964-இல் காலமானார், ஐம்பதைத் தொடாமலே.

சட்டம் வந்து சேர 2012 ஆயிற்று. அந்த வருஷம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கவிஞரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டியைத் தயாரிப்பாளருக்கு மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட முடியாது, பாடகருக்கும் பங்கு உண்டு என்று ஆயிற்று. மாநிலங்களவையில் இதற்காக வாதாடியவர் ஜாவேத் அக்தர். 2017-இல் இளையராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது நம் ஊரில் எல்லாரும் கட்சி பிரிந்து அடித்துக்கொண்டோமே, அதன் வேரும் இந்த நிலத்தில்தான். ராஜாவா பாலுவா என்று பேசினோம். பாட்டு யாருடையது, யாருக்கு எவ்வளவு என்று பேசியது கொஞ்சம்தான்.

பேண்டுகள் இந்தக் கேள்வியை வேறு வழியில் கையாண்டன. இந்தியன் ஓஷன் 2010-இல் தங்கள் புது ஆல்பத்தை மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். கம்பெனியும் வேண்டாம், கம்பெனியோடு சண்டையும் வேண்டாம், கச்சேரியில் சம்பாதித்துக்கொள்கிறோம் என்பது கணக்கு. அதே வருஷம் டிசம்பரில்தான் இதே புனேவில் என்.ஹெச்.7 வீக்கெண்டர் திருவிழா தொடங்கியது. டிக்கெட் வாங்கி, புழுதியில் நின்று பேண்டு கேட்கிற கூட்டம் உண்டு என்று அது காட்டியது.

டிவியில் பாட்டுப்போட்டி பார்க்கும்போதும் எனக்கு இந்தப் புத்திதான். எட்டு வயதுப் பெண் பிருகாக்களைக் கொட்டுகிறாள், நடுவர் கண்ணைத் துடைக்கிறார், எங்கள் வீட்டில் எல்லாரும் துடைக்கிறார்கள். நான் மட்டும் "எத்தனை மணி நேர ஷூட்டிங், இந்தக் குழந்தைக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன். பிரபாத் ஸ்டூடியோவில் ஒன்றாம் தேதி சம்பளமாவது நிச்சயம். வெளிச்சம் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, உள்ளே நிற்கிறவளுக்கு உழைப்பு என்பதை 1940-லேயே ஒருத்தி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

2015-இல் அதே வளாகத்தில் மாணவர்கள், புதுத் தலைவர் நியமனத்தை எதிர்த்து 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே கேட்டில் டிவி வண்டிகள் வரிசை கட்டின. அந்த இடத்தில் முதலில் உட்கார்ந்தவரின் பெயரை எந்த சானலும் சொல்லி நான் கேட்கவில்லை. கம்பெனியின் பெயர் ரோட்டுக்கு இருக்கிறது, ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் இருக்கிறது. குரலுக்கு யூட்யூப் இருக்கிறது. 'குங்கூ' பார்க்கிறவர்கள் பாட்டுக்காகப் பாருங்கள். பார்த்து முடித்தபின், அந்த மாதச் சம்பளத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கொசுறு: பிரபாத்காரர்கள் தமிழிலும் படம் எடுத்திருக்கிறார்கள். 1934-இல் 'சீதா கல்யாணம்'. எஸ். ராஜம் ராமர், பாபநாசம் சிவன் இசை. ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கிற பொடியன், பின்னாளில் வீணை எஸ். பாலச்சந்தர். அதற்கு இன்னொரு நாள் தனிப் பதிவு.