முதல் தப்பு யார் உடம்பில்?

மருத்துவ மாணவர்களுக்கு விளையாட்டு, பொம்மை, நாடகம் எல்லாம் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள் என்றால் நம்மில் பலருக்கு ஒரு சந்தேகச் சிரிப்பு வரும். உயிர் சம்பந்தப்பட்ட படிப்பில் என்ன விளையாட்டு? ஆனால் இது செல்போன் காலத்துப் புதுமை இல்லை. சுஸ்ருத சம்ஹிதையில், சூத்திரஸ்தானத்தின் ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க இதுதான். அறுத்துப் பழகப் பூசணி, சுரை, தர்பூசணி, வெள்ளரி. நாளத்தில் குத்திப் பழகத் தாமரைத் தண்டு. தையலுக்குத் துணியும் மென்மையான தோலும். கட்டுப் போட்டுப் பழக ஆள் உருவத்தில் ஒரு பொம்மை. எத்தனை நூல் கற்றிருந்தாலும் கை பழகாதவன் சிகிச்சைக்கு லாயக்கில்லை என்று கறாராகவே சொல்கிறது அந்த அத்தியாயம்.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். எங்களுக்கு இது சட்டென்று புரியும். எழுதிய கோடை நேராக ப்ரொடக்‌ஷனில் ஏற்ற விடமாட்டார்கள். ஸ்டேஜிங் என்று ஒரு போலி உலகம் இருக்கும். உடைப்பதையெல்லாம் அங்கே உடைத்துக்கொள்ளலாம், யாருக்கும் வலிக்காது.

மருத்துவத்துக்கும் அப்படி ஓர் இடம் எப்போதும் இருந்திருக்கிறது. சங்கடம் என்னவென்றால், பல காலம் அந்த இடத்தில் இருந்தது பூசணிக்காய் இல்லை, ஏழையின் உடம்பு. 1832-ல் பிரிட்டன் கொண்டுவந்த உடற்கூறியல் சட்டம், யாரும் உரிமை கோராத பிணங்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க வழிசெய்தது. கேட்க ஆளில்லாமல் செத்தவர்கள் யார்? ஏழை விடுதிகளிலும் தர்ம ஆஸ்பத்திரிகளிலும் கிடந்தவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய மாநிலங்கள் இயற்றிய உடற்கூறியல் சட்டங்களும் உரிமை கோரப்படாத உடல்களையே நம்பின. உயிரோடு இருப்பவர்கள் விஷயத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. புது மாணவர் முதன்முதலாக ஊசி குத்திப் பழகும் கை, பெரும்பாலும் இலவச வார்டில் படுத்திருப்பவரின் கைதான்.

மருத்துவப் பொம்மைகளின் வரலாற்றை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. பிரான்சில் ஆன்ஜெலிக் தூ கூத்ரே என்ற மருத்துவச்சி இருந்தார். 1759-ல் பதினைந்தாம் லூயி மன்னர் அவரை நாடு முழுக்கப் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். மாணவிகள் கிராமத்துப் பெண்கள். பலருக்கு எழுத்தே தெரியாது. தூ கூத்ரே துணி, தோல், பஞ்சு வைத்து ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியையும் ஒரு குழந்தையையும் தைத்தார். குழந்தை தலைகீழாக வந்தால், கை முதலில் வந்தால் என்ன செய்வது என்று அந்தப் பொம்மையில் திரும்பத் திரும்பச் செய்து பழகினார்கள். அவற்றில் ஒன்று இன்னமும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்தவர் லூயி ஓசூ. 1820-களில் பிணங்களின் தட்டுப்பாட்டுக்கு அவர் கண்டுபிடித்த பதில் காகிதக்கூழ். தசை, நரம்பு, ஈரல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்ப மாட்டக்கூடிய முழு மனித உருவத்தை அதில் செய்தார். சொந்த ஊரிலேயே பட்டறை போட்டு, கிராமத்து ஆட்களைப் பழக்கி, உலகம் முழுக்க விற்றார்.

அதே காலத்தில், 1823-ல், பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. அந்த மரபின் தொடர்ச்சியாக 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964-ல் அது ஜிப்மர் ஆனது. இன்னொரு பக்கம், நகரத்துக்கு மேற்கே திருக்கனூரில் இன்றும் காகிதக்கூழ் பொம்மை செய்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் வேர்பிடித்ததாகச் சொல்லப்படும் இந்தத் தொழிலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஓசூவுக்கும் திருக்கனூருக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஆனால் கூழை அச்சில் அழுத்தி, காயவைத்து, வண்ணம் பூசும் அதே கைவேலை ஓர் ஊரில் கொலு பொம்மை ஆகிறது, இன்னோர் ஊரில் ஈரல் ஆகிறது என்பது எனக்குச் சந்தோஷமான விஷயம். மருத்துவக் கல்விக்குத் தேவையான கலை எங்கோ வெளிநாட்டு ஆய்வகத்தில் மட்டும் இல்லை, நம்ம ஊர்த் திண்ணையிலும் இருக்கிறது.

1960-ல் நார்வேயில் வந்த பொம்மையைப் பலர் முதலுதவி வகுப்பில் பார்த்திருப்பீர்கள். நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதிப் பழகும் 'ஆன்'. அதைச் செய்த ஆஸ்முண்ட் லேர்டால் அடிப்படையில் ஒரு விளையாட்டுச் சாமான் வியாபாரி. ஆனின் முகத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது பாரிஸில் பிரபலமாயிருந்த ஒரு சாந்து முகமூடியை. சேன் நதியில் மூழ்கிச் செத்த, பெயர் தெரியாத பெண்ணின் முகம் அது என்று ஒரு கதை. கதை உண்மையோ பொய்யோ, பொருத்தத்தைப் பாருங்க: யாரும் உரிமை கோராத ஒரு பிணத்தின் முகம், இனி யாரும் அப்படிச் சாகக் கூடாது என்பதற்கான பொம்மையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, பொம்மை மட்டும் போதுமா? போதாது. பொம்மைக்குப் பயம் கிடையாது. "நாளைக்கு வேலைக்குப் போகலைன்னா கூலி போயிடும் சார்" என்று அது சொல்லாது. மதிப்பெண் தரும் எந்த விளையாட்டும் ஜெயிக்கத்தான் சொல்லித்தரும், காதுகொடுத்துக் கேட்கச் சொல்லித்தராது. அங்கேதான் நாடகம் தேவைப்படுகிறது. 1963-ல் கலிஃபோர்னியாவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஓர் ஆளைப் பழக்கி மாணவர்கள் முன் உட்கார வைத்தார். டெல்லியின் யூசிஎம்எஸ் கல்லூரியில் 2010-களில், பிரேசில் நாட்டு அகஸ்தோ போவாலின் அரங்க முறையை மருத்துவ மாணவர்களிடம் கொண்டுபோனார்கள். இந்த முறையில் பார்வையாளர் யார் வேண்டுமானாலும் காட்சியை நிறுத்தலாம், மேடையேறி வேறு மாதிரி நடித்துக் காட்டலாம். நமக்கு இது அந்நியமே இல்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே மடக்கிக் கேள்வி கேட்கிறவன்தானே? தலைமை மருத்துவரை அப்படி மடக்க வகுப்பறையில் ஒரு கட்டியங்காரன் தேவை.

2019-ல் இந்திய எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மாறியபோது, பொம்மைகளில் பழகும் திறன் ஆய்வகம் கட்டாயமானது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதும் பாடமானது. காகிதத்தில் இது நல்ல மாற்றம். பொம்மையைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, ஆய்வுக்குழு வரும்போது மட்டும் திறந்தால் இதெல்லாம் வீண்.

ஏனென்றால் இதில் யாருக்கு லாபம் என்பது தெளிவு. கோரிமேட்டில் காலையிலேயே வரிசை நீண்டுவிடும். கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள், காசு கொடுத்து அனுபவசாலியைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள். தங்கள் கையில் ஊசி போடப்போகும் இளம் டாக்டர் இதற்கு முன்னால் எத்தனை முறை தப்பாகக் குத்தினார் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். அந்தத் தப்புகள் எல்லாம் ரப்பர் கையில் நடந்து முடிந்திருக்க வேண்டும்.