கந்து முதல் மாலைக்கோயில் வரை

போன மாசம் எங்க பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்ல பெரியப்பா ஒரு மெசேஜ் போட்டார். சாத்தூர் பக்கம் கரிசல் காட்டுக்குள்ள இருக்கிற எங்க மாலைக்கோயிலை எடுத்துக் கட்டணும், பழைய கல் தேஞ்சுபோச்சு, கிரானைட்டில் புது அம்மன் வைக்கலாம்னு. எல்லாரும் கட்டைவிரல் போட்டாங்க. நான் போடல. ஏன்னு சொல்றேன்.

தூணில் தெய்வத்தைப் பார்ப்பது நமக்கு ரொம்பப் பழைய பழக்கம். சங்க இலக்கியத்தில் அதன் பெயர் கந்து. ஊர்ப் பொதுவிடத்தில் நட்ட மரத்தூண், அதில் தெய்வம் உறையும். பட்டினப்பாலையில் வரும் அப்படி ஒரு பொதியிலில் அந்தி விளக்கு ஏத்துறவங்க, போரில் பிடித்துவரப்பட்ட பெண்கள். மணிமேகலையில் வரும் கந்திற்பாவை தூணில் இருந்தபடியே பேசும். நைஜீரியாவின் உர்ஹோபோ மக்களும் ஊரை உருவாக்கிய முன்னோரை, கையில் ஆயுதத்தோட, மரத்தில் செதுக்கிக் கோயிலில் வச்சாங்க. மரம் கரையான் தின்னா போச்சு. நமக்கு மிஞ்சியது கல்தான்.

2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு மூணு நடுகற்களைக் கண்டுபிடிச்சது. எழுத்து தமிழ்-பிராமி. உருவம் எதுவும் கிடையாது. ஆனா அதில் ஒரு கல், தீயன் அந்தவன் என்ற ஆள் கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், செத்தான்னு சொல்லுது. இத்தனை நூற்றாண்டு கழிச்சும் அவன் பேர் நமக்குத் தெரியும்.

எங்க கல் இதுக்கு நேர் எதிர். உருவம் இருக்கு, எழுத்து இல்ல. வாளோட ஒரு ஆண். பக்கத்தில், சரிந்த கொண்டையும் வளையலுமா, ஒரு கையை உயர்த்திய பெண். புருஷன் செத்ததும் தீயில் இறங்கினவள். எங்க பக்கம் இப்படிப்பட்ட இடங்களை மாலைக்கோயில், தீப்பாஞ்சம்மன், வீரமாத்தின்னு சொல்வாங்க. உடன்கட்டையை வங்காளத்தில் 1829-லயும் சென்னை மாகாணத்தில் 1830-லயும் தடை செஞ்சாங்க. அவள் தானா இறங்கினாளா, இறக்கிவிட்டாங்களா? கல் அதைச் சொல்லாது. அப்பத்தாகிட்ட பேர் கேட்டேன். "மாலையம்மாதான்டா, வேற என்ன பேரு?" அப்படின்னாங்க. அது பேர் இல்ல, அவள் செத்த விதம்.

பட்டாசு ஊர்க்காரனுக்கு இது வேற மாதிரி உறைக்கும். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். நான் அப்ப பத்தாவது. முதலிபட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அவங்க பேராவது பத்திரிகையில் வந்துச்சு. மாலையம்மாவுக்கு இருக்கிற ஒரே ஆவணம் அந்தக் கல்தான். அவள் சாவைப் பெருமையா பேச எனக்கு மனசு வரல. அதுக்காக அவளையே தூக்கி ஓடையில் போட முடியுமா? (பழைய சிலையை வழக்கமா அங்கதான் போடுவாங்க.)

அதனால குரூப்ல நீளமா எழுதினேன். புது அம்மன் வைங்க, வேண்டாம்னு சொல்லல. கல்லை மட்டும் அசைக்காதீங்க, பெயின்ட் அடிக்காதீங்க, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறேன்னு ஆசிட் ஊத்தாதீங்க. பக்கவாட்டில் டார்ச் அடிச்சா தேஞ்ச கோடு தெரியும், அப்படி நாலு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு.

ரெண்டு நாள் கழிச்சுப் பெரியப்பா பதில் போட்டார்: "சரிடா தம்பி, கல்லு அங்கயே இருக்கட்டும். சுத்தி டைல்ஸ் மட்டும் ஒட்டிக்கிறோம்."