கடல்கோளும் கந்தவேள் கோயிலும்

கடலைத் தெய்வமெனத் தொழுதவர் தமிழர். கடலால் அழிவுற்றவரும் தமிழரே. 'கடல்கோள்' என்னும் சொல் நம் மொழியில் தொன்றுதொட்டு வழங்கிவருதலே இதற்குச் சான்றாகும். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சுட்டுகிறது. கபாடபுரம் கடலுள் மறைந்ததை இறையனார் களவியலுரை கூறும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தி மணிமேகலையில் உள்ளது.

இவையெல்லாம் புனைந்துரை என்று எண்ணியிருந்தோர்க்கு 2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் கொடிய விடை கிடைத்தது. அன்று காலை சுமத்திராவின் அருகே கடலடி நிலம் பெயர்ந்து நடுங்கிற்று. இரண்டு மணி நேரத்தை ஒட்டிப் பேரலைகள் சோழமண்டலக் கரையை எட்டின. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் மாண்டன. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல். காரைக்காலும் பெருந்துயருற்றது. புதுவை நகரையோ, பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டு நின்ற கற்கரை பெரிதும் காத்தது. அத்தகைய அரணில்லாத மீனவர் குப்பங்களில் அலை புகுந்தது.

அவ்வலையே ஓர் அரிய உண்மையையும் வெளிப்படுத்திச் சென்றது. மாமல்லபுரத்திற்கு வடக்கே, சாளுவன்குப்பத்தில், மணல் அரிக்கப்பட்டுப் பாறையொன்றிற் கல்வெட்டுகள் தோன்றின. அவற்றைத் துணையாகக் கொண்டு 2005இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது முருகப்பெருமான் கோயில் ஒன்று வெளிப்பட்டது. மேலே பல்லவர் காலக் கற்றளியின் எச்சம். அதன் கீழே அதனினும் பழைய செங்கற்றளி. கல்லாலான வேலும் ஆங்குக் கிடைத்தது. செங்கற்றளி சங்க காலத்தது என அகழ்ந்தோர் கருதினர்; காலம் பற்றி மாறுபடுவோரும் உளர். அது கடலலையால் வீழ்ந்தது என்பதும் ஆய்வாளர் கருத்தேயாம்.

வீழ்ந்த கோயிலை முன்னோர் கைவிட்டாரல்லர். அதன் மேலேயே மீண்டும் எழுப்பினர். திருப்பணி, குடமுழுக்கு என்பவற்றின் உட்பொருள் இதுவன்றோ? ஆயினும் கோயிலை மீண்டும் கட்டலாம். போன உயிரை மீட்க இயலுமோ?

இந்திரவிழா ஒழிந்தமையாற் கடல் பொங்கியது என்று மணிமேகலை காரணங் காட்டும். அதனைக் கொண்டு, அலையில் மடிந்த ஏழை மீனவரும் பச்சிளங் குழந்தைகளும் பாவத்தால் மடிந்தனர் என உரைத்தல் சைவ நெறியாகாது. கடலில் எழுந்த நஞ்சைப் பிறர்க்காகத் தான் உண்டவன் நம் இறைவன். இடருற்றாரைப் பழிப்பது அவனடியார்க்கு அழகன்று. அவரைக் காப்பதே கடமை.

காக்கும் வழி இன்று தெளிவாக உள்ளது. ஐதராபாத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கிவருகிறது. எனினும், நிலம் நெடிது நடுங்கினாலோ, கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கினாலோ, அறிவிப்பை எதிர்பாராது உடனே மேட்டுநிலத்திற்கு விரைதல் வேண்டும். உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்க நின்றோர் பலர் 2004இல் உயிரிழந்தனர். முதலலை தணிந்ததும் திரும்புதலும் தீது. அடுத்த அலை அதனினும் பெரிதாக வரக்கூடும்.

கதிர்காமம் அலைவாய்க்கரையன்று, நகரின் உட்புறத்தே அமைந்தது. கரைவாழ் மக்கள் அஞ்சி ஓடிவரும் நாளொன்று நேருமாயின், கோயிலின் வாயில் அவர்க்குத் திறந்திருக்க வேண்டும். மண்டபம் நிழலாகவும், மடைப்பள்ளி அன்னசாலையாகவும் ஆதல் வேண்டும். திருப்பணிக்குப் பொருளீந்த செல்வர்கள் இதனையும் திருப்பணியின் ஒரு கூறாகக் கொள்வாராக. வேலவன் திருவருள் கரைவாழ்வார்க்கும் கரைகடந்தார்க்கும் துணைநிற்க.